கோபமும் பங்கும்: காட்பாடி நாட்குறிப்பு

ஏப்ரல் 20, ஞாயிறு

வேதாத்திரி மகரிஷியின் தியான முறையைச் சொல்லித் தரும் எங்கள் பகுதி மனவளக்கலை மன்றத்தில் இன்று காலை எனக்கு ஆக்கினை தீட்சை, அதாவது புருவ மத்தியில் கவனம் வைக்கும் தியானத்தின் தொடக்கம். பயிற்சி தரும் அம்மா இரு புருவங்களுக்கு நடுவே விரல் நுனியை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் மட்டும் ஒரு அழுத்தமும் குறுகுறுப்பும் தெரிந்தன. விரலை எடுத்த பிறகும் அது போகவில்லை. "அதைக் கவனிச்சுட்டே இருங்க, வேற எதுவும் செய்ய வேண்டாம்" என்றார். தினமும் காலையும் மாலையும் உட்காரச் சொல்லியிருக்கிறார், சாப்பிட்ட உடனே மட்டும் கூடாதாம்.

ஊரில் தியானம் சொல்லித் தர எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. இங்கே வரத் தோன்றியதற்குக் காரணம் வேதாத்திரி மகரிஷி தறியில் உட்கார்ந்தவர் என்பதுதான். 1911இல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம் நடத்தி, தொழில் செய்து, கடன் என்றால் என்ன என்று தெரிந்துகொண்ட பிறகு 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். குடியாத்தத்தில் லுங்கி நெய்த ஒருவரின் மகள் நான். குடும்பத்தில் இருந்துகொண்டே மனதைச் சரிசெய்யலாம் என்று மகரிஷி சொல்வதில் எனக்கு நம்பிக்கை வருகிறது.

தூக்கம் வேண்டும். அப்பா போனதிலிருந்து இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, வீட்டுப் பங்கு விஷயமாக அண்ணனிடம் சொல்ல வேண்டிய பதில்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு முடிவு வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நெற்றி கனக்கிறது. மன்றத்தில் சொன்னேன். இரண்டு மூன்று நாள் சாந்தி தவம் மட்டும் செய்யச் சொன்னார்கள். அதில் கவனத்தை முதுகுத் தண்டின் அடியில், மூலாதாரத்தில் வைக்க வேண்டும். புருவ மத்தியில் ஏறிய அழுத்தம் அதில் தணிந்துவிடும் என்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே தணிந்தது.

பெரிய தொல்லை எண்ணங்கள்தான். கண்ணை மூடினால் ரேஷன் கடை, மகனின் பரீட்சை, அப்புறம் அண்ணன். வீட்டில் அம்மா தறியில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. பாவில் ஒரு இழை அறுந்தால் அம்மா நூலைத் திட்டிப் பார்த்ததில்லை. தறியை நிறுத்துவாள், இரண்டு நுனியையும் விரலில் முறுக்கிச் சேர்ப்பாள், மறுபடி ஓட்டுவாள். ஒரு நாளில் எத்தனை இழை அறுந்தாலும் அப்படித்தான். இப்போது எண்ணம் எங்காவது ஓடினால் நானும் அப்படியே திரும்ப வருகிறேன். அறுந்ததற்காக வருத்தப்பட்டால் அந்த வருத்தமே அடுத்த எண்ணமாகிவிடுகிறது.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடங்கியது. பகலில் வீட்டுக்குள் உட்காரவே முடியவில்லை. வேலூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலை நாலரைக்கு மொட்டை மாடியில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். தரையில் இரவெல்லாம் இருந்த சூடு இன்னும் இருந்தது. ஜங்ஷனிலிருந்து ரயில் அறிவிப்பு விட்டுவிட்டுக் கேட்டது. அந்தச் சத்தம் என்னைத் தொந்தரவு செய்யவே இல்லை.

மே 7, புதன்

இன்று சினம் தவிர்த்தல் பயிற்சி. கோபம் பெரும்பாலும் நம்மோடு நெருங்கி இருப்பவர்கள் மேல்தான் வருகிறது என்கிறார் மகரிஷி. யார் யார் மேல் கோபம் வருகிறதோ அவர்களைப் பட்டியல் போட வேண்டும். பிறகு எளிதானவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவராக, இவர் மேல் இனி சினம் கொள்ள மாட்டேன் என்று உறுதி எடுத்து, தவத்தின் முடிவில் அவரை மனதில் நிறுத்தி 'வாழ்க வளமுடன்' என்று வாழ்த்த வேண்டும்.

கீழ் வீட்டுக்காரர், மாமியார், என் மேலதிகாரி, எல்லாரையும் எழுதிவிட்டேன். கடைசியில் அண்ணன். அங்கே பேனா நின்றது.

விஷயத்தை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுதப் போவது புரியாது. அப்பா உயில் எழுதவில்லை. குடியாத்தம் வீடு அவர் தறியில் சம்பாதித்துக் கட்டியது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் அதில் சமபங்கு. என் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அண்ணன் கையெழுத்து கேட்கிறார். எனக்குப் பணமாகவும் எதுவும் இல்லை. "பொண்ணுக்குக் கல்யாணத்தில செஞ்சாச்சு" என்பது அவர் பேச்சு. கேட்ட விதம்தான் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுப்பதற்குள் காகிதத்தை நீட்டினார்.

தியானம் என்றதும் உறவில் ஒருவர் கேட்டார்: "கண்ணை மூடி உட்கார்றியே, இன்னும் சொத்து ஆசை போகலியா?" இந்தக் கேள்வியை என்னிடம் மட்டும் கேட்கிறார்கள். அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. மன அமைதிக்குப் பெண் கொடுக்க வேண்டிய விலை அவளுடைய பங்கு என்றால், அந்த அமைதி எனக்கு வேண்டாம். ஆனால் இரண்டு மணி விழிப்பு போக வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. மகரிஷியின் பாடத்திலும் ஆசையை வேரோடு பிடுங்கச் சொல்லவில்லை, சீரமைக்கத்தான் சொல்லியிருக்கிறது. இது எனக்குத் தேவையா, அடைய வழி இருக்கிறதா, பின்விளைவு என்ன என்று கேட்கச் சொல்கிறது. கேட்டுப் பார்த்தேன். மகனின் படிப்புக்குத் தேவை. வழி சட்டத்தில் இருக்கிறது. விளைவில்தான் அண்ணன் நிற்கிறார்.

மே 11, ஞாயிறு

வள்ளிமலை போய் வந்தோம். வள்ளி தினைப்புனம் காத்த மலை என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே சமணத் துறவிகள் தங்கிய குகையும், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களும் இருப்பதை இத்தனை வருடமாக நான் சரியாகப் பார்த்ததில்லை. 9ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் ராச்சமல்லன் இங்கே சமணக் கோயில் எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கையை மடியில் வைத்து, எதையும் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கும் உருவங்கள். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வெயில் ஏறிவிட்டது, இருந்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

உடுத்த துணி வரை விட்டவர்கள் அவர்கள். நான் ஒன்றை மட்டும் விட்டால் போதும் என்று அங்கே தோன்றியது. என் பங்கைப் பற்றிய நினைப்பு அப்போது வரவே இல்லை. அண்ணன் ஒருநாள் வந்து "நான் பண்ணது தப்பும்மா" என்று சொல்வார் என்று காத்திருக்கிறேனே, அந்தக் காத்திருப்பு.

மே 15, வியாழன்

வைகாசி 1. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. லத்தேரி, கே.வி.குப்பம் வழியாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டுக் கோபாலபுரம் வரும் வழியெல்லாம் சூறைத் தேங்காய். தெருவில் தேங்காய்த் தண்ணீர் ஓடுகிறது, ஓடு காலில் குத்துகிறது, பையன்கள் கோணியில் சில்லு பொறுக்குகிறார்கள். சிறுமியாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தது இதே தெருவில்தான்.

கோயிலில் சிரசை உடலோடு சேர்க்கும்போது கூட்டம் எழுப்பிய சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த முறை அம்மனின் கதையை, ரேணுகாவின் கதையை, வேறு மாதிரி யோசித்தேன். ஜமதக்கினி முனிவர் தவம் செய்தவர். ஆனாலும் மனைவி ரேணுகாவின் மனம் ஒரு கணம் சலித்தது என்று தெரிந்ததும் வந்த கோபத்தில் அவள் தலையை வெட்டும்படி மகனுக்கு உத்தரவிட்டார். பரசுராமன் வெட்டிவிட்டு, பிறகு தாயைத் திரும்பக் கேட்டு வரம் வாங்கினான். அவசரத்தில் தலை வேறொரு பெண்ணின் உடலில் பொருந்தியது. அத்தனை தவத்துக்குப் பிறகும் கோபம் அந்த வீட்டை அப்படிக் குலைத்தது. சேர்த்து வைத்தும் பழையபடி ஆகவில்லை. ஊர் அந்தச் சேர்த்து வைத்த உருவத்தைத்தான் தாய் என்று கும்பிடுகிறது. இதை எனக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது தானாக வந்தது.

வீட்டுக்குப் போனேன். அண்ணி வெளியே வந்து "வாங்க" என்றார். அண்ணன் "வாம்மா" என்றார், அவ்வளவுதான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டேன். பத்திரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திருவிழா நாளில் வேண்டாம். இரவு வாணவேடிக்கை பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள் அம்மா. காலையில் வேலைக்குப் போக வேண்டும், கிளம்பிவிட்டேன்.

மே 19, திங்கள்

அண்ணனை வாழ்த்தும் இடத்தில் மனம் நிற்கவில்லை. முகத்தைக் கொண்டுவந்தால் இலை, காகிதம், அந்தக் குரல் எல்லாம் சேர்ந்து வருகின்றன. மன்றத்து அம்மாவிடம் சொன்னேன். "அவர் செஞ்சதை வாழ்த்தச் சொல்லலம்மா. அவர் உடம்பும் மனசும் நல்லா இருக்கட்டும்னு சொல்லுங்க. வரலேன்னா இன்னைக்கு விட்டுட்டு அண்ணியைச் சொல்லுங்க" என்றார். சரி, அண்ணியையும் குழந்தைகளையும் வாழ்த்தினேன். அது வந்தது.

ஒன்று கவனித்தேன். வெளிமூச்சை நீளமாக விட்டால் நெஞ்சுத் துடிப்பு மெதுவாகிறது. இதில் அதிசயம் இல்லை, மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். கோபம் வரும்போது மூச்சு மேல் நெஞ்சில் குட்டையாக ஓடுகிறது. அண்ணன் முகம் வரும்போதெல்லாம் நாலைந்து நீளமான மூச்சு விட்டேன். முகம் இருந்தது, ஆனால் பதில் அடுக்குவது நின்றுவிட்டது. இந்தக் கொஞ்ச இடைவெளிக்காகத்தான் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன் போலிருக்கிறது. அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. புதுப் புடவைக்கோ சம்பள உயர்வுக்கோ வந்த சந்தோஷம் ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும். இது எழுந்து அடுப்படிக்குப் போன பிறகும், பஸ் ஏறின பிறகும் கூட இருக்கிறது.

மே 28, புதன்

கத்திரி இன்றோடு முடிகிறது. மாலையில் கவலை ஒழித்தல் பாடம். கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்கள்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. அப்பா இல்லாதது முதல் வகை. உறவுக்காரர் பேச்சு மூன்றாவது வகை, அதை எழுதி அடித்துவிட்டேன். அண்ணன் மன்னிப்பு கேட்பாரா என்பதை எங்கே போடுவது என்று ரொம்ப நேரம் யோசித்து, அதையும் மூன்றாவதில் போட்டேன். போட்டபோது அழுகை வந்தது, நன்றாகவே அழுதேன். வீட்டுப் பங்கு நான்காவது வகை. இத்தனை மாதம் இதைத் தூக்கத்தில்தான் பேசிக்கொண்டிருந்தேன், எதிரில் உட்கார்ந்து யாரும் பேசவில்லை.

பத்துப் பத்தரைக்குப் படுத்து, ஐந்து மணிக்குத்தான் எழுந்தேன். இரண்டு மணி விழிப்பு இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

குடியாத்தத்தில் பேசி முடித்தோம், இல்லை, பேச ஆரம்பித்தோம். சித்தப்பாவும் இருந்தார். போகுமுன் மொட்டை மாடியில் உட்கார்ந்து, அண்ணனை வாழ்த்தினேன். முழுதாக வந்தது.

"இன்னா முடிவு பண்ண?" என்றார் அண்ணன்.

"விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்ணா. அம்மா இருக்கிற வரைக்கும் அம்மா இங்கேயே இருக்கட்டும், நீங்களும் இருங்க. வாடகை கேட்க மாட்டேன். என் பங்கைப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதிடலாம். வீட்டை நீங்களே வெச்சுக்கணும்னா மதிப்புப் போட்டு, முடிஞ்சபோது தவணையாக் கொடுங்க."

அவர் குரல் உயர்ந்தது. கல்யாணச் செலவு, அப்பா வைத்தியச் செலவு, எல்லாம் வந்தது. வைத்தியச் செலவை அவர் ஒருவரே தாங்கியது உண்மை, அதைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சித்தப்பா என்னைப் பார்த்து, "உங்கப்பன் மாதிரியே பேசறே" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். மன்னிப்பும் இல்லை, சம்மதமும் இல்லை. "மதிப்பு யார் போடறது?" என்று மட்டும் கேட்டார். முன்பென்றால் அந்தக் கேள்வியில் இருந்த எரிச்சலைத்தான் கேட்டிருப்பேன். இன்று கேள்வி மட்டும் காதில் விழுந்தது. ஊரில் உள்ள பத்திர எழுத்தரிடம் சேர்ந்து போய்க் கேட்கலாம் என்றேன். சரி என்றார்.

அடுத்த ஞாயிறு போகிறோம். வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் ஆதார் நகல், வீட்டு வரி ரசீது மூன்றையும் ஒரே உறையில் எடுத்து வைத்துவிட்டேன். வில்லங்கச் சான்று மட்டும் இன்னும் எடுக்க வேண்டும்.