வீட்டு வரி ரசீதில் பள்ளிக்கூடம் எங்கே?

மதுரை நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தை 2023 ஏப்ரலில் திறந்தார்கள். தல்லாகுளம் பக்கம் ஏறினால் 7.3 கிலோமீட்டர் தாண்டி செட்டிகுளத்தில் இறங்கிவிடலாம் என்று ஆனதும், அதற்கப்பால் இருக்கும் எங்கள் ஊராட்சியில் தோப்பு, தரிசு, மானாவாரிக் காடு என்று எதையும் விட்டுவைக்காமல் கல் ஊன்றிவிட்டார்கள். புதுப்புது நகர்கள். வாரக் கடைசியில் பிளாட் பார்க்க வருகிற கார்களைப் பார்த்தால் ஏதோ திருவிழா என்று நினைப்பீர்கள்.

எங்கள் நகர் வாட்ஸப் குழுவில் போன மாதம் ஒரு சண்டை. இத்தனை வீடு வந்தாச்சு, எல்லாரும் வரி கட்டுறோம், ஊருக்குள் இருக்கும் ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு ஒழுங்காக ஒரு சுற்றுச்சுவர்கூட இல்லையே, இந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது என்று ஒருவர் கேட்டார். அமெரிக்காவில் வீட்டு வரியில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறதாம், இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன என்றார் இன்னொருவர். குழுவில் பதில் சொன்னால் நடுராத்திரி வரை நீளும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம் எங்கே போகிறது என்பதைப் பார்த்துவிடலாம். கிராம ஊராட்சியில் நாம் கட்டும் வீட்டு வரி ஊராட்சியின் கணக்கில் சேர்கிறது. தெருவிளக்கு, குடிநீர், குப்பை, தெரு எல்லாம் அதில்தான். பள்ளிக்கூடமோ ஊராட்சி ஒன்றியத்தின் பெயரில் இருக்கிறது. ஆசிரியர் சம்பளத்தைப் பள்ளிக் கல்வித் துறை சென்னையிலிருந்து போடுகிறது. காலை உணவும் மதியச் சத்துணவும் அரசுத் திட்டம். வகுப்பறை கட்டுவதென்றால் 2022இல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் மாதிரி ஏதாவது ஒன்றில் நம் பள்ளியின் பெயர் வர வேண்டும். ஆக, என் வீட்டுக்கும் அந்தப் பள்ளிக்கும் நடுவே கணக்குப் புத்தகத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால் ரசீதில் நூலக வரி இருக்கிறது, 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி வரியில் ரூபாய்க்கு 10 பைசா. நூலகத்துக்கு நான் கொடுக்கிறேன், பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கவில்லை.

மாநகராட்சிக்குள் கதை கொஞ்சம் வேறு. அங்கே சொத்து வரிக்குள் கல்வி வரி என்று ஒரு பங்கு உண்டு. 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் கொடுத்த அதிகாரம் அது, நூறு வருஷம் தாண்டிய சமாச்சாரம். அந்தப் பணம் தொடக்கக் கல்வி நிதி என்ற தனிக் கணக்கில் வர வேண்டும். மதுரை மாநகராட்சி சொந்தமாகப் பள்ளிகள் நடத்துகிறது. வெள்ளிவீதியார், பொன்முடியார், ஔவை, இளங்கோ, மாசாத்தியார் என்று புலவர்கள் பெயரெல்லாம் பள்ளிகளுக்கு வைத்த ஊர் இது, இந்த ஒரு விஷயத்தில் எனக்கு மதுரை மேல் தனிப் பெருமை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதும் இங்கே ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான்.

அப்படியானால் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டால் நல்லதா? 2011இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருநகர், விளாங்குடி எல்லாம் சேர்ந்து மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டு ஆனது. 2025 தொடக்கத்தில் இன்னும் சில ஊராட்சிகளைச் சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்ததற்குக் காரணம், நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்பது. அவர்கள் சொன்னதில் தப்பில்லை. 2022இல் சொத்து வரியைச் சீராய்வு செய்தபோது வீடு பெரிதாகப் பெரிதாக ஏற்றமும் கூடியது, மதுரை மாதிரி மாநகராட்சிகளில் சின்ன வீட்டுக்கு 25 சதவீதம், 1800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதம். 2024 அக்டோபரிலிருந்து மேலும் 6 சதவீதம். வரி ஏறியதே, வசூல் சரியாக இருந்ததா என்றால், மதுரையில் வணிகக் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட்ட முறைகேடு 2025இல் வெளியே வந்து, கைது, ராஜினாமா என்று நாறிப்போனது எல்லாருக்கும் தெரியும். சொத்து வரி குறைந்தால் அதற்குள் இருக்கும் கல்விப் பங்கும் குறையும் என்பதை அந்தக் கலவரத்தில் யாரும் பேசியதாக நினைவில்லை.

சரி, அமெரிக்கா. என் மச்சான் டெக்சாஸில் இருக்கிறார். அவருடைய வீட்டு வரிச் சீட்டில் பெரிய தொகை பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது பள்ளிகளை நடத்துவதற்கென்றே இருக்கும் உள்ளாட்சி அமைப்புக்குப் போகிறது. அங்கே ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தனியாக வரி விதிக்கலாம், புதுக் கட்டடம் வேண்டுமென்றால் கடன் பத்திரத்துக்கு ஊர் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் பள்ளிச் செலவில் ஏறக்குறைய 45 சதவீதம் உள்ளூர்ப் பணம், அதில் பெரும்பகுதி வீடு, நிலத்தின் மேல் போடும் வரி. அதனால் ஒரு புதுக் குடியிருப்பு வருகிறது என்றால் அங்கே உள்ளவர்கள் முதலில் போடும் கணக்கே வேறு: இந்த வீடுகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்கு ஆகும் செலவை இவர்கள் கட்டும் வரி ஈடுகட்டுமா? பல இடங்களில் கட்டாது. குழந்தைகள் உள்ள வீடு கொண்டுவரும் வரியைவிட அதிகமாகச் செலவு வைக்கும், கடையும் தொழிற்சாலையும் வரியை மட்டும் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்பாது. ஆகவே கடை வரட்டும், வீடு வேண்டாம், வீடு வந்தாலும் வயதானவர்கள் வரட்டும் என்று பேசும் ஊர்கள் உண்டு. டெக்சாஸில் 65 வயது தாண்டியவர்களுக்குப் பள்ளி வரி அதற்கு மேல் ஏறாதபடி நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள்.

இதில் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. விலை அதிகமான வீடுகள் உள்ள இடத்தில் வரி நிறைய, பள்ளியும் நன்றாக இருக்கும். ஏழைகள் இருக்கும் இடத்தில் அதிக விகிதத்தில் வரி போட்டாலும் பணம் தேறாது. அதே டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தின் ஏழைப் பகுதிப் பெற்றோர்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். அப்புறம் 1993இல்தான் பணக்கார மாவட்டத்தின் வரியில் ஒரு பங்கை எடுத்துப் பிற மாவட்டங்களுக்குத் தரும் ஏற்பாடு அங்கே வந்தது.

இதை மதுரை மாவட்டத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். நத்தம் ரோட்டிலும் அழகர்கோவில் ரோட்டிலும் ஒரு சென்ட் பல லட்சம். சேடப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் மழையை நம்பிய கரிசல், அங்கே எந்த வீட்டின் மேல் என்ன வரி போட்டு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது? உசிலம்பட்டி வட்டாரத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் நடக்கின்றன என்றால் அது மாநில அரசின் பணம். எனவே குழுவில் கேட்ட நண்பருக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். சம்பளம் சென்னையிலிருந்து வருவதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய பாதுகாப்பு.

ஆனால் அந்தப் பாதுகாப்பில் ஓட்டைகளும் இருக்கின்றன. ஒன்று, தலை எண்ணிக்கை. ஊராட்சிகளுக்கு மாநில நிதிக்குழு மானியம், அதாவது மாநில அரசு தன் வரிப் பணத்திலிருந்து தரும் பங்கு, குறைந்தபட்சத் தொகை போக மீதி மக்கள்தொகையைப் பார்த்துத்தான் வருகிறது. எந்த மக்கள்தொகை? 2011 கணக்கெடுப்பு. அடுத்தது 2027 என்கிறார்கள். அந்தக் கணக்கில் எங்கள் நகர் பருத்திக்காடு. குப்பை மட்டும் இன்றைய கணக்கில் விழுகிறது.

இரண்டாவது ஓட்டை இன்னும் மோசம், அதை நாமே போட்டது. ஊர் பெருத்தால் பள்ளியில் பிள்ளைகள் கூட வேண்டுமே? குறைகிறார்கள். புது நகர்களில் வீடு கட்டி வந்தவர்கள், என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், காலை ஏழே முக்காலுக்கு மஞ்சள் வேனில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பிவிடுகிறோம். ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிக்கு வரும் ஆண்டு மானியம் மாணவர் எண்ணிக்கையை வைத்து: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. சாக்பீஸ், கரண்ட் ரிப்பேர், கழிப்பறைச் சுத்தம் எல்லாம் அதில் ஓட்ட வேண்டும். ஆசிரியரும் அப்படித்தான், கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்பதைப் பார்த்ததும் அடுத்த பெற்றோரும் வேனைத் தேடுகிறார். பிள்ளை குறைகிறது, மானியம் குறைகிறது, பள்ளி இன்னும் இளைக்கிறது. போதாக்குறைக்கு 2024-25இல் இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசு தர வேண்டிய 2,152 கோடியே வராமல் நின்றது.

மூன்றாவது நிலம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. பணம் இன்றில்லாவிட்டால் அடுத்த பட்ஜெட்டில் வரலாம், நிலம் போனால் போனதுதான். பெரிய லேஅவுட் போட்டால் 10 சதவீதம் திறந்தவெளியாகக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அதில் பூங்கா என்று போர்டு வைத்து நாலு செடி நட்டுவிடுவார்கள். பள்ளிக்கென்று திட்டத்தில் நிலம் ஒதுக்கினாலும் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தும் வேலை தொடங்காவிட்டால் ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். மூன்று ஆண்டுகளில் நம் அலுவலகங்களில் ஒரு கோப்பு எத்தனை மேசை தாண்டும்?

ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் கொடிக்குளத்தில் நடந்தது தெரிந்திருக்கும். அங்குள்ள ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க இடம் தேவைப்பட்டபோது, வங்கியில் எழுத்தராக வேலை பார்க்கும் ஆயி என்கிற பூரணம் அம்மாள், இறந்துபோன தன் மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக்கொடுத்தார். மதிப்பு சுமார் 7 கோடி. 2024 குடியரசு நாளில் முதலமைச்சர் கையால் விருது வாங்கினார். அந்த அம்மாவைக் கும்பிடத் தோன்றுகிறது. அதே சமயம் எரிச்சலும் வருகிறது. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் பிளாட் கைமாறிய ஒரு வட்டாரத்தில், பள்ளிக்கூடத்துக்கு இடம் வேண்டும் என்றால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிளாட் ஒவ்வொன்றும் பத்திரப் பதிவாகும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், அதற்குள் 2 சதவீதம் உள்ளாட்சிக்கான கூடுதல் தீர்வை. வீட்டு வரி சில்லறைதான், வளர்ச்சியின் நிஜப் பணம் இந்தப் பதிவில் இருக்கிறது. இதிலிருந்து ஒரு பங்கைப் பள்ளி நிலத்துக்கு என்று தனியாக எடுத்துவைத்தால் யாருடைய வீட்டு வரியையும் ஏற்ற வேண்டியதில்லை. அதோடு பெரிய லேஅவுட்டுகளில் பூங்காவுக்குக் கேட்பது மாதிரி பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் இடம் எழுதி வாங்கட்டும்.

எங்கள் ஊராட்சியில் 2025 ஜனவரியோடு தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் ஆட்சி, ஆகவே கேட்பதற்கு ஆள் யார் என்பதே குழப்பம். இருந்தாலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் இரண்டு அம்மாக்களும் நாங்கள் சில பேரும் சேர்ந்து, பள்ளியை ஒட்டியுள்ள புறம்போக்கை அளந்து பள்ளியின் பெயரில் மாற்றக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். ஒரு நகல் வட்டாட்சியருக்கு, ஒன்று வட்டாரக் கல்வி அலுவலருக்கு. அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைக்கப் போகிறோம். வாட்ஸப் குழுவில் இருப்பவர்கள் எமோஜி போடுவதோடு நிற்காமல் அன்றைக்கு வந்து கையெழுத்துப் போட்டால் நல்லது, கோரம், அதாவது கூட்டத்துக்கு வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், குறைந்தால் தீர்மானம் செல்லாது.