உறைகிடங்குத் தரைக்கு அடியில்

சிங்கப்பூரில் தரையைச் சூடாக்கும் வயரிங் வேலையும் பார்க்கிறேன் என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆண்டு முழுக்கப் புழுங்கித் தள்ளுகிற ஊரில் தரைக்கு எதற்குச் சூடு என்று கேட்கிறார்கள். வீட்டுத் தரைக்கு வேண்டாம்தான். ஜூரோங், செனோக்கோ பக்கம் மீனும் இறைச்சியும் அடுக்கி வைக்கிற உறைகிடங்குகளின் தரைக்கு அது வேண்டும்.

உள்ளே மைனஸ் 20 டிகிரி வாக்கில் வருடக்கணக்காக ஓடுகிறது. காப்புப் பலகையை எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் குளிர் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கிவிடும். மண்ணில் இருக்கிற தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். அதோடு நிற்காது. உறைந்த இடம் சுற்றிலும் உள்ள ஈரத்தைத் தன் பக்கம் இழுக்க, பனிக்கட்டி பாளம் பாளமாக வளரும். கடைசியில் தரையே மேலே எழும்பி வெடிக்கும், சரக்கு அடுக்குகிற ராக் சாயும், கதவு மூடாது. இது வராமல் இருக்கத்தான் காப்புப் பலகைக்குக் கீழே ஹீட்டர் கேபிள் ஓட்டுகிறோம். மண் உறையாத அளவுக்குச் சூடு இருந்தால் போதும்.

கேபிள் கான்கிரீட்டுக்குள் போய்விட்டால் அப்புறம் நமக்குத் தெரிவது சுவரோரப் பெட்டியில் வந்து நிற்கிற வயர் நுனிகள் மட்டும்தான். முதலில் பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போட்டு டேக் மாட்ட வேண்டும். மின்சாரம் இருக்கிற இடத்தில் மீட்டரை வைத்துப் பார்த்து, அது வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு இந்தப் பெட்டியில் வைத்து, திரும்பவும் பழைய இடத்தில் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும் என்பதால் இந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் விடுவதில்லை. அதன் பிறகு வயரைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டிலிருந்து கழற்றித் தனியாக அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் பக்கத்துச் சர்க்யூட்டும் சேர்ந்து வந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

கேபிளின் மின்தடை எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்ற கணக்கு ரொம்ப எளிது. இங்கே சப்ளை 230 வோல்ட். 600 வாட் கேபிள் என்றால் 230-ஐ 230-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 88 ஓம் வரும். 5 விழுக்காடு குறைந்தாலும் 10 விழுக்காடு கூடினாலும் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். மீட்டரில் ஓஎல், அதாவது அளவைத் தாண்டிய மின்தடை, என்று வந்தால் உள்ளே அறுந்திருக்கிறது. கணக்கைவிட ரொம்பக் குறைந்தால் எங்கோ ஷார்ட்.

வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும்போது மீட்டர் போடுகிற பீப் சத்தத்தின் மேல் புதிதாக வரும் தம்பிகளுக்கு அபார நம்பிக்கை. பல மீட்டர்களில் சில பத்து ஓமுக்குக் கீழே போனால்தான் அந்தச் சத்தமே வரும். 88 ஓம் உள்ள நல்ல கேபிளில் வைத்தால் மீட்டர் வாயே திறக்காது. “அண்ணே, கேபிள் போச்சு” என்று ஓடி வருவார்கள். “ஓமில் வைத்துப் பாருங்க தம்பி” என்பேன்.

ஒரு உறைகிடங்கில், மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கிற ஆர்சிசிபி அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. என்னோடு வந்திருந்த புதுக்கோட்டைத் தம்பி அளந்தார். 88.6 ஓம். கேபிளுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார். ஓஎல். “எல்லாம் சரியாத்தானே அண்ணே இருக்கு, அப்புறம் ஏன் விழுது?” என்றார். நல்ல கேள்வி. மல்டிமீட்டர் தன் பேட்டரியிலிருந்து சில வோல்ட்தான் கொடுக்கும். அந்தச் சில வோல்ட்டுக்குத் தெரியாத கசிவு 230 வோல்ட்டில் எழுந்து வரும். அதற்கு, கூடுதல் வோல்ட் கொடுத்து வயரின் காப்பைச் சோதிக்கிற மெக்கர் வேண்டும். 500 வோல்ட் டிசி போட்டோம். 1 மெகா ஓமாவது இருக்க வேண்டிய இடத்தில் 0.2-தான் இருந்தது.

கேபிளைத் தோண்டி எடுக்க வேண்டியதுதான் என்று அங்கே பேச்சு கிளம்பிவிட்டது. தோண்டுவது என்றால் கிடங்கைக் காலி செய்து, தரையை உடைத்து... அதற்கு முன் பெட்டி மூடியின் ரப்பரை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு மூலையில் கிழிந்திருந்தது. கிடங்கின் கதவோரம் அது. வெளியே இருக்கிற ஈரக் காற்று அந்தக் கிழிசல் வழியாகப் புகுந்து, வயர்கள் சேர்கிற குளிர்ந்த டெர்மினல் பிளாக்கில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. கேபிளைப் பிளாக்கிலிருந்து விடுவித்து நுனியைத் துடைத்துத் தனியாக மெக்கர் போட்டதும் நூறு மெகா ஓமைத் தாண்டிவிட்டது. கேபிளில் ஒரு குறையும் இல்லை. புதுப் பிளாக், கேபிள் நுழைகிற துளையை அடைக்கப் புது கிளாண்ட், புது ரப்பர். அதோடு ஆர்சிசிபி விழுவது நின்றது.

அன்று எங்களுக்கு அவ்வளவு துணிச்சல் கொடுத்தது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிபி போர்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு அட்டை. கேபிள் சுருளில் இருந்தபோது 88.2, விரித்துக் கட்டிய பிறகு 88.2, கான்கிரீட் போட்ட பிறகு 88.4 என்று யாரோ பேனாவால் எழுதி, பக்கத்திலேயே மெக்கர் அளவும் குறித்து வைத்திருந்தார். அந்த மனிதர் யார் என்று தெரியாது. அவர் எழுதாமல் போயிருந்தால் எங்கள் 88.6-ஐ எதோடு ஒப்பிடுவது? தரையைத் தோண்டும் பக்கம்தான் எல்லோரும் சாய்ந்திருப்பார்கள்.

எத்தனையோ சைட்டில் இந்த அட்டை இருப்பதில்லை. கான்கிரீட் லாரி வாசலில் நிற்கும், சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார், அளப்பது தள்ளிப் போகும், ஊற்றிய பிறகு யாருக்கும் ஞாபகம் வராது. ஊற்றும்போது ஒருவர் மண்வெட்டி கேபிளில் பட்டால் அந்த நிமிடமே தெரிந்துகொள்ள வேண்டாமா? அதனால் நான் பார்க்கிற வேலையில் ஊற்றி முடிக்கும் வரை மீட்டரை முதலைக் கிளிப்பால் வயர் நுனியில் மாட்டி, ஒரு ஆளைப் பக்கத்திலேயே உட்கார வைக்கிறேன். ஓம் மாறினால் உடனே கை தூக்கி ஊற்றுவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுங்கள் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை.