அரிட்டாபட்டியில் கலிங்கின் மேல் நின்று கேட்ட பாடம்

நீர்வளத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று ஊரையே அழைத்துவிட்டு, முதல் முக்கால் மணி நேரத்தைப் பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் கொடுக்கிறவர்கள் மீது எனக்கு ஆறாத கோபம். மதுரையில் சனிக்கிழமை மாலை ஓர் அரங்கில் நடந்த பொதுச் சொற்பொழிவைத்தான் சொல்கிறேன். திருச்சியிலிருந்து பஸ் பிடித்துப் போய், விடுதிக்கு 900 ரூபாய் கட்டி, குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தவனுக்குக் கிடைத்தது இருபது நிமிடப் பேச்சு. மிச்ச நேரமெல்லாம் மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் போற்றிக்கொண்டார்கள்.

வழி, செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். எழுதுகிறேன். ஆனால் அந்த இருபது நிமிடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பேசியவர் ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியாளர். வருசநாட்டு மலைகளில் தொடங்கும் வைகை, 1959இல் பயன்பாட்டுக்கு வந்த வைகை அணையைத் தாண்டி, இராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை எப்படிக் கண்மாய் கண்மாயாகப் பிரிந்து போகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். மேல் கண்மாய் நிறைந்து, உபரி நீர் வழிந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். நடுவில் தண்ணீர் கொண்டுவரும் ஒரு வரத்துக்காலைத் தூர்த்து மனை போட்டால், அதற்குக் கீழே இருக்கும் அத்தனை ஊரும் காயும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2025இல் இடம்பெற்ற சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயங்கள் இரண்டும் கண்மாய்கள்தாம் என்று அவர் சொன்னபோது அரங்கில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்தார். "நாற்பது ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம் என்கிறீர்கள் ஐயா. சங்கிலி ஒன்றுதானே, அதற்கு ஏன் இரண்டு பொறுப்பாளர்கள்?" அன்று மாலை கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி இதுதான். பொறியாளர் ஒலிவாங்கியை வாங்குவதற்குள் நன்றியுரை ஆரம்பமாகிவிட்டது. அமைப்பாளர்கள் இதைப் படித்தால், அடுத்த முறை சால்வைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

மறுநாள் காலை அதே அமைப்பாளர்களின் களப்பயணம். இடம் மேலூருக்கு அருகில் உள்ள அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். பக்கத்தில் உள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேர். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்கு நகரப் பேருந்துகள் வந்துகொண்டே இருக்கும், அதில் குறையில்லை. குறை மேலூரில் ஆரம்பிக்கிறது. "மேலூரிலிருந்து பேருந்து உண்டு" என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை நடை தொடங்கும் நேரத்துக்குள் கொண்டுபோய் விட ஒன்றும் இல்லை.

ஆட்டோக்காரர் 300 ரூபாய் என்றார். பேசி முடித்து ஏறினேன். ஊர் எல்லையில் வண்டியை ஓரம் கட்டி, "உள்ளே பாதை மோசம், 450 கொடுத்தால்தான் கோயில் வரை" என்றார். அந்தப் பாதையில் மினி பஸ்ஸே போகிறது! பத்து கிலோமீட்டர்கூட வராத தூரத்துக்கு நடுவழியில் விலை ஏற்றுவது அநியாயம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். 350க்கு இறங்கி வந்தார். என் மொத்தச் செலவுக் கணக்கில் வயிற்றெரிச்சல் தந்த ஒரே தொகை அதுதான். போகிறவர்கள் மேலூரிலேயே நாலு பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள். மலையடிவாரம் வரை என்று இடத்தைச் சொல்லிப் பேசுங்கள்.

இறங்கிய பிறகு ஆட்டோக் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஏழு குன்றுகள், இடையிடையே வயல். 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசு அறிவிப்பு கணக்குச் சொல்கிறது. ஆனைகொண்டான் கண்மாய் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாம். கழிஞ்சமலையில் சமணப் படுக்கைகளும் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டும், அந்தப் பக்கம் பாண்டியர் குடைவரையும், சிவனின் வடிவமாகக் கருதப்படும் லகுலீசர் சிற்பமும். தமிழ்நாட்டில் லகுலீசரைக் காண்பது அரிது. வரலாற்றுக்கென்றே இன்னொரு முறை போக வேண்டும். அன்று என் கண் முழுக்கத் தண்ணீர் மேல்.

எங்களை அழைத்துப்போனவர் உள்ளூர் விவசாயி, எழுபது வயதிருக்கும். பாறையின் மேல் ஏறியதும் ஒரு சிறுவனைக் கூப்பிட்டு, "தம்பி, உன் பாட்டில் தண்ணீரை இங்கே ஊற்று" என்றார். பாறையில் மேலிருந்து கீழாகக் கறுத்த தடங்கள் ஓடுவதை அதுவரை நான் வெறும் நிறம் என்றே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊற்றிய தண்ணீர் கொஞ்சம் தயங்கிப் பரவி, நேராக அந்தக் கறுப்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. ஒரு குழியில் தேங்கி, குழி நிரம்பி, அடுத்த வெடிப்புக்குள் நுழைந்து மறைந்தது. மழை ஓடி ஓடிப் பாசி படிந்து கறுத்த வழி அது. "வெடிப்புக்குள்ளே போனது உடனே வராது. மெதுவாகக் கசிந்து சுனையில் வரும். ஓடியது கண்மாய்க்குப் போகும். ஒன்று இந்த மாதத்துக்கு, இன்னொன்று கோடைக்கு" என்றார் பெரியவர். முந்தைய நாள் வரைபடத்தில் பார்த்த நீர்ப்பிடிப்புப் பகுதி, அரை லிட்டர் தண்ணீரில் அங்கே விளங்கிவிட்டது.

கீழே இறங்கிக் கண்மாய்க் கரையில் நடந்தோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருந்த சமயம், தண்ணீர் கரையை முட்டி நின்றது. கண்மாயின் உபரி நீர் வழிந்து வெளியேறும் இடமான கலிங்கின் மேல் இடைவெளி விட்டு நட்ட கற்கள் வரிசையாக நிற்கின்றன. அவை எதற்கென்று கேட்டேன். மழை வலுத்திருக்கும் மாதங்களில் இடைவெளியைத் திறந்தே விடுவார்களாம். வெள்ளம் வந்தால் கரை உடையாமல் உபரி வெளியேற வேண்டும். மழை முடிகிற தறுவாயில் கற்களுக்கு நடுவே பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால், கண்மாயில் இன்னும் கொஞ்சம் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். எப்போது அடைப்பது என்பதில்தான் எல்லாச் சண்டையும். சீக்கிரம் அடைத்தால் கரைக்கு ஆபத்து, கீழ் ஊருக்கும் தண்ணீர் போகாது. தாமதித்தால் தன் ஊருக்கு நஷ்டம். பெரியவர் ஒரு கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, எந்த வருடம் எந்த ஊர்க்காரர்கள் வந்து முறையிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். மாணவியின் கேள்விக்கு அரங்கில் கிடைக்காத பதிலில் பாதி இங்கே கிடைத்தது. நீர்வளம் பற்றிய கூட்டங்களைக் கலிங்கின் மேல்தான் நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நடுவில் யாரோ "மேலே பாருங்கள்" என்று கத்தினார்கள். பாறைமுகட்டிலிருந்து புறாக்கூட்டம் சிதறிப் பறந்தது. பின்னாலேயே ஒரு லகர் வல்லூறு. தொலைநோக்கியில் அதன் நெஞ்சுப் பழுப்புவரை தெரிந்தது. நான் லகர் வல்லூற்றைப் பார்த்தது இதுவே முதல் முறை. கை நடுங்கியதால் படம் ஒன்றும் சரியாக வரவில்லை.

இந்தக் குன்றுகளையும் உள்ளடக்கித்தான் 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமச் சுரங்கத் தொகுதியை ஏலம் விட்டார்கள். 2,015 ஹெக்டேர். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குப் பேரணியாகப் போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் பேரணியில் நடந்த ஓர் அக்காவோடு பேசினேன். "மலையை உடைத்தால் கண்மாய்க்கு வானத்திலிருந்து நேராகவா தம்பி தண்ணீர் விழும்?" என்றார். நீரியல் படித்தவர் யாரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இனி சாப்பாடு. ஊர்க்காரர்களே சமைத்திருந்தார்கள், ஆளுக்கு 120 ரூபாய். சோறு, கீரை, மோர், கூடவே அயிரை மீன் குழம்பு! மதுரை மெஸ்களில் அயிரைக்குச் சொல்லும் விலையில் நான் பல முறை ஆசையை அடக்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கிறேன். விரல் நீளம்கூட இல்லாத மீன். கண்மாயிலும் வயல் வாய்க்காலிலும் கிடைப்பது. உயிரோடு வாங்கித் தேங்காய்ப் பாலில் விட்டு வைப்பார்கள். வயிற்று மண்ணைக் கக்கிவிடும். பிறகு உரசிக் கழுவிப் புளிக்குழம்பில் முழுசாகப் போடுவார்கள். முள்ளெடுக்கும் வேலையே இல்லை. முதலில் புளிப்பும் காரமும் தெரிகின்றன, கடைசியில் மெல்லிய கசப்பு ஒன்று நாக்கில் நிற்கிறது. இரண்டாம் முறை சோறு வாங்கினேன், குழம்பு மூன்றாம் முறையும். கண்மாய் செத்தால் இந்தக் குழம்பும் போய்விடும் என்று பரிமாறியவர் சொன்னது சாப்பிடும்போதே உறைத்தது.

செலவு: திருச்சி, மதுரை பஸ் போக வர, விடுதி, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் அடங்கியது. சொற்பொழிவும் நடையும் இலவசம். திரும்பும்போது மாணவர்களோடு மேலூர் வரை 50 ரூபாய்ப் பங்கில் வந்துவிட்டேன். பாறையில் நிழலே கிடையாது; தொப்பியும் இரண்டு பாட்டில் தண்ணீரும் கட்டாயம். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். அதையொட்டித் தேர்த்தங்கலுக்குப் போவதாக இருக்கிறேன். திருச்சிப் பக்கம் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், ஆட்டோச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.