தாவூவின் தூடாவும் என் தராசும்

முதுகலை ஆராய்ச்சிக்காக ஹரியானாவுக்குப் போனபோது கோதுமையில் எனக்குத் தெரிந்தது சப்பாத்தி மட்டும்தான். அப்பா மன்னார்குடிப் பக்கம் நெல் போடுகிறவர். ஹிசாருக்கு அருகே ஒரு பெரியவரின் நிலத்தில் எனக்குச் சோதனைப் பாத்திகள் கிடைத்தன. ஊரே அவரைத் ‘தாவூ’ என்றது. பெரியப்பா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

தழைச்சத்தையும் (நைட்ரஜன், யூரியாவில் இருப்பது) விதை அளவையும் மாற்றினால் பயிரும் வைக்கோலும் என்ன ஆகும் என்பதுதான் தலைப்பு. தழைச்சத்து ஹெக்டேருக்கு 0, 60, 120, 180 கிலோ. விதை 75, 100, 125 கிலோ. அங்கே வழக்கம் 100 கிலோ. ஆயிரம் மணி 40 கிராம் என்றால் அது சதுர மீட்டருக்கு 250 விதை. நவம்பர் நடுவில் விதைத்து, 21ஆம் நாள் முதல் தண்ணீரை ஒட்டி யூரியா போட்டோம்.

ஜனவரி முழுக்கத் தூர், அதாவது செடியின் அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகளை, எண்ணினேன். பனிமூட்டத்தில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்தால் விரல் மரத்துவிடும், பாதியில் கணக்கு தப்பும், திரும்ப ஒன்றிலிருந்து. 75 கிலோ பாத்தி ஆரம்பத்தில் சொட்டைத் தலை மாதிரி இருந்தது. அப்புறம் பார்த்தால் இடம் கிடைத்த செடியெல்லாம் அடியிலிருந்து தூர் விட்டுப் பரவி, பிப்ரவரியில் பக்கத்துப் பாத்தியோடு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் உரம் போடாத பாத்தியில் அதே இடைவெளி இருந்தும் செடி அப்படியே ஒற்றைக்காலில் நின்றது. இடமும் வேண்டும், சோறும் வேண்டும்.

180 கிலோ தழைச்சத்து, 125 கிலோ விதை போட்ட பாத்திதான் கண்ணைப் பறித்தது. கரும்பச்சை, இடுப்புக்கு மேலே உயரம். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். தாவூ ஒரு செடியைப் பிடுங்கி, அடிக்கணுவுக்கு மேலே நகத்தால் அழுத்தினார். தண்டு சப்பென்று அமுங்கியது. “இது நிக்காது” என்றார். நெருக்கத்தில் அடிப்பகுதிக்கு வெளிச்சம் போகாமல் கணுவிடை நீண்டு மெலிந்திருந்தது. மார்ச்சில் தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் காற்றோடு ஒரு மழை. காலையில் போனால் மொத்தமும் பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடந்தது.

தாவூ வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு மூலையில் பழைய நெட்டை ரகமான சி-306 போட்டிருந்தார். அதற்கு யூரியாவைக் கிள்ளித்தான் போடுவார். 1960களில் மெக்சிகோவிலிருந்து குட்டை ரகங்கள் வந்ததற்கே இதுதானே காரணம்: உரத்தைத் தின்றாலும் சாயாமல் நிற்க வேண்டும். குட்டைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைக் குட்டை ரகம் போட்ட என் பாத்தி காட்டியது.

ஏப்ரலில் அறுத்தோம். வைக்கோலைத் தனியாக நிறுப்பதில்லை. கட்டோடு நிறுத்து, அடித்து, மணி எடையைக் கழிப்பார்கள். முதல் நாள் நான் முந்தின இரவுத் தூறலில் நனைந்த கட்டை நிறுத்துவிட்டு, மணியை மட்டும் காயவைத்து நிறுத்தேன். நோட்டில் வைக்கோல் எகிறிவிட்டது. பத்து கட்டு எண்களை அடித்துவிட்டு, மிச்சத்தை மூன்று நாள் வெயிலில் போட்ட பிறகுதான் நிறுத்தேன். என் பாத்திகளில் தழைச்சத்து 120 கிலோ வரை மணியும் வைக்கோலும் சேர்ந்தே ஏறின. அதற்கு மேல் போட்ட யூரியா வைக்கோலுக்குத்தான் போனது. சாய்ந்த பாத்தியில் அதுவும் அடியில் அழுகல்.

அப்பாவிடம் சொன்னால், “மாட்டுக்கு எத்தனை கட்டுடா தேறும்?” என்றார். தாவூவுக்கும் அதே கவலை, எருமை நாலு. தூடா என்கிற நொறுக்கிய கோதுமை வைக்கோல்தான் அவற்றுக்கு ஆண்டு முழுக்கத் தீனி. என் நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் அரிவாளால் தரையோடு அறுத்த கணக்கு அது. அவர் வயலில் கம்பைன் என்கிற அறுவடை இயந்திரம் கதிரை ஒட்டி மேலே வெட்டிப் போகும், பின்னால் வரும் ரீப்பர் தாளை வெட்டி நொறுக்கும், அப்போதும் நாலு விரல் அடிக்கட்டை நிலத்திலேயே நிற்கும்.

“இதுல தூடா எத்தனை டிராலி?” என்றார். ஆய்வேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. குனிந்து அடிக்கட்டையின் உயரத்தை அளக்க ஆரம்பித்தேன்.