பெர்த்தா பென்ஸ் ஓட்டிப் போன வழியில்

பென்ஸ் கம்பெனியின் வரலாற்றைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுவார்கள். நான் மான்ஹைமில் தொடங்கித் தெற்கே இறங்கினேன். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கார் ஓட்டிப் போன வழி அது. சுமார் 106 கிலோமீட்டர். இப்போது அவர் பெயரில் வழிகாட்டிப் பலகைகள் இருக்கின்றன. நான் ரயிலும் பஸ்ஸும் மாறி மாறித்தான் போனேன்.

அவருடைய கணவர் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மூன்று சக்கரம், ஒற்றை சிலிண்டர், முக்கால் குதிரைத்திறன். அந்தத் தொழிலுக்கு ஆரம்பத்தில் கைகொடுத்ததே பெர்த்தாவின் பணம்தான். கூட்டாளியோடு ஒத்துப்போகாமல் கார்ல் திண்டாடியபோது, கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை வாங்கிக் கொடுத்து அவரை மீட்டவர் இவர். அப்புறம் வண்டியும் தயாரானது. ஆனால் வாங்க ஆள் வரவில்லை. குதிரை இல்லாத வண்டியை நம்பி யாரும் ஊர்விட்டு ஊர் போகத் துணியவில்லை. அதனால் கணவரிடம் சொல்லாமல், 15 வயது ஆய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் எழுப்பிக்கொண்டு விடியற்காலையில் பெர்த்தாவே கிளம்பிவிட்டார்.

ஹைடல்பெர்க்குக்குத் தெற்கே உள்ள வீஸ்லோக் சின்ன ஊர். அதன் பிரதான வீதியில் இருக்கும் பழைய மருந்துக்கடைக் கட்டடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அந்தக் காலத்தில் பெட்ரோல் பங்க் ஏது? துணிக்கறை போக்க மருந்துக்கடையில் விற்ற லிக்ரோயின் என்ற திரவம்தான் வண்டிக்கு எரிபொருள். பெர்த்தா இங்கே நிறுத்தி அதை வாங்கி ஊற்றிக்கொண்டார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெருமை அவர்களுக்குத் தகும்.

வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்திருக்கிறார். பற்றவைக்கும் மின்கம்பி தேய்ந்து கசிந்தபோது காலுறையைக் கட்டும் பட்டியைக் கழற்றி அதன்மேல் சுற்றியிருக்கிறார். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும் அமைப்பு என்பதால், கண்ட இடத்தில் எல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும். மரக்கட்டை பிரேக் தேய்ந்ததும் பௌஷ்லோட் என்ற ஊரில் ஒரு செருப்புத் தொழிலாளியைப் பிடித்துக் கட்டைமேல் தோல் அடித்து வாங்கினார். இன்று நம் வண்டிகளில் மாற்றுகிற பிரேக் லைனிங்குக்கு முன்னோடி அதுதான். மேட்டில் வண்டி ஏறவில்லை, இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. திரும்பி வந்து அதையும் சொல்ல, கார்ல் மேடு ஏற இன்னொரு கியர் சேர்த்தார்.

இதை வீரக்கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பயணம் முழுக்க ஒரு சோதனை ஓட்டம். எது உடைகிறது, எது தேய்கிறது, எங்கே திணறுகிறது என்று பார்த்துத் திருத்தச் சொன்னவர் பெர்த்தா. காப்புரிமையில் இருப்பது கார்ல் பெயர் மட்டும். வாகனத் துறையில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் ஹால் ஆஃப் ஃபேமில் பெர்த்தாவுக்கு இடம் கிடைத்தது 2016இல்தான்.

ஃபோர்ட்ஸ்ஹைமில் அந்தக் காலத்து ஊரைத் தேடிப் பயனில்லை. 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் பழைய நகரம் ஏறக்குறைய முழுதாக அழிந்துபோனது.

அங்கிருந்து ஸ்டுட்கார்ட் பக்கம்தான். கம்பெனியின் இன்னொரு வேர் அங்கே, கான்ஸ்டாட்டில் இருக்கிறது. காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் டைம்லர் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் இன்ஜின் செய்தார்கள். ராத்திரி பகலாக உள்ளே சத்தம் கேட்கவே, கள்ள நாணயம் அடிக்கிறார்களோ என்று தோட்டக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். போலீஸ் கண்டது இன்ஜின்களைத்தான். அந்தக் குடில் இப்போது ஒரு சின்ன நினைவிடம். மான்ஹைமிலிருந்து 100 கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. இருந்தும் பென்ஸும் டைம்லரும் தனித்தனியாகவே வேலை செய்தார்கள். 1900இல் டைம்லர் இறந்தார். இரண்டு கம்பெனிகளும் ஒன்றானது 1926இல். மெர்சிடிஸ்-பென்ஸ் என்ற பெயரில் வரும் மெர்சிடிஸ் என்பது டைம்லர் கார்களை வாங்கி விற்ற எமில் யெல்லினெக்கின் மகள் பெயர்.

அருங்காட்சியகம் 2006இல் திறந்தது. லிஃப்டில் உச்சி மாடிக்கு ஏறிச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்க வேண்டும். மேலே பென்ஸின் மூன்று சக்கர வண்டியும் டைம்லரின் நான்கு சக்கர வண்டியும் ஒரே அறையில் இருக்கின்றன. பென்ஸ் வண்டியின் கம்பிச் சக்கரங்களையும் கிடையாகப் படுத்திருக்கும் பெரிய விசைச்சக்கரத்தையும் கிட்டே பார்த்தபோதுதான், இதை வைத்துக்கொண்டா 106 கிலோமீட்டர் என்று மலைப்பு வந்தது.

இறங்கும் சரிவுப் பாதைச் சுவரில் அந்தந்தக் காலத்து உலக நிகழ்வுகள் வருகின்றன. நாஜி காலத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 1944இல் டைம்லர்-பென்ஸின் தொழிலாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கட்டாய உழைப்பாளிகள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள். கம்பெனியே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. பளபளக்கும் பந்தயக் கார்களைப் பார்க்க வருகிற குழந்தைகளுக்கும் பெரியவர்கள் இதை நிறுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அரை நாளாவது ஒதுக்கிப் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை.