ரெண்டு குளிகை தா மக்ளே

குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு மெடிக்கல் ஸ்டோரில் 14 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். கடையில் ஆண்கள் நின்றால் சில அக்காமார் ஒதுங்கியே நிற்பார்கள். கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்து, "மக்ளே, மோளும்ப எரியுது, ரெண்டு குளிகை தா" என்பார்கள். பெரும்பாலும் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்ப்பவர்கள். கக்கூஸுக்கு எழுந்து போனால் வேலை குறையும் என்று தண்ணீரே குடிக்காமல் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கொடுத்தேன். அப்படி ஒரு அக்காவுக்கு நார்ஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இரண்டே இரண்டு. எரிச்சல் அடங்கியது, அவரும் விட்டுவிட்டார். ஒரு வாரத்தில் குளிர்காய்ச்சல், விலாவோடு சேர்ந்த முதுகுவலி. கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பதும் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் தெரிந்தது. நான் ஒரு வார்த்தை கேட்காமல் போனேனே என்று அன்று ராத்திரி அழுதேன்.

இங்கிலாந்தில் இருக்கும் என் கூட்டுகாரி ஒருத்தியும் மருந்தாளுநர்தான். அங்கே 2024 ஜனவரி 31 முதல், 16 முதல் 64 வயதுப் பெண்களுக்குச் சிக்கல் இல்லாத நீர்க்கடுப்பு என்றால் மருந்துக்கடையிலேயே விசாரித்து, மூன்று நாளுக்கு நைட்ரோஃபுரான்டாய்ன் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். காய்ச்சல், முதுகுவலி, கர்ப்பம் என்று எது இருந்தாலும் டாக்டரிடம் அனுப்பிவிடுவார்களாம். நம் ஊரில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரை அட்டையை டாக்டர் சீட்டு இல்லாமல் நான் தொடக்கூடாது. சரி, ஆனால் கேள்வி கேட்க எனக்கு யார் சீட்டும் வேண்டாமே!

கடைக்காரரிடம் சொல்லி அலமாரிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டேன். காய்ச்சல் உண்டா, விலா வலிக்கிறதா, மூத்திரத்தில் ரத்தம் உண்டா, குளி தப்பியிருக்கிறதா (மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா), சர்க்கரை பார்த்ததுண்டா என்று அங்கே வைத்துத்தான் கேட்பேன். ஆசாரிப்பள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும் என்று தயங்குவார்கள். பக்கத்தில் உள்ள பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) போதும், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மூத்திரம் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று டப்பாவையும் கையில் கொடுத்து அனுப்புவேன்.

போன மாதம், அன்று ஆஸ்பத்திரியில் படுத்த அந்த அக்கா மருமகளைக் கூட்டி வந்தார். "வெக்கப்படாம எல்லாத்தையும் சொல்லு" என்று ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அந்தப் பிள்ளைக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். மருந்து எதுவும் கொடுக்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.