கீழ்த் தாழ்ப்பாள்

மும்பை மின்ரயிலில் டோம்பிவிலியில் ஏறித் தாதரில் இறங்கும் வரை, மகளிர் பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் எலினா ஃபெர்ரான்டேயின் ‘மை பிரில்லியண்ட் ஃபிரண்ட்’ நாவலை 2019இல் முதன்முறையாக வாசித்து முடித்தேன். இந்த மழைக்காலத்தில் மறுபடியும் எடுத்தேன். ரயில் சயான் நிலையத்தைக் கடக்கும்போது மேற்கே தெரியும், நான் வளர்ந்த தாராவிப் பக்கத்தை நிமிர்ந்து பார்க்காமலேயே பல ஆண்டுகள் வேலைக்குப் போய்வந்தவள் நான். அந்த நாவல் கையில் இருந்த நாட்களில் ஒவ்வொரு முறையும் பார்த்தேன். ஏன் என்பதை எழுதிவிட வேண்டும் என்று அப்போதிருந்தே தோன்றிக்கொண்டிருக்கிறது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாவல் 2011இல் இத்தாலிய மொழியில் வெளிவந்தது. மறு ஆண்டே ஆன் கோல்ட்ஸ்டீனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. நான் வாசித்தது அதைத்தான். நான்கு பாகங்களில் இது முதலாவது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நேப்பிள்ஸ் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் இரண்டு சிறுமிகள் வளர்கிறார்கள். எலெனா, நகராட்சி அலுவலகத்தில் வாயிற்காவலராக இருப்பவரின் மகள். லீலா, செருப்புத் தைப்பவரின் மகள். அறுபத்தாறு வயதில் லீலா, பழைய புகைப்படங்களிலிருந்து தன் உருவத்தைக்கூட வெட்டி எடுத்துவிட்டு, ஒரு தடயமும் இல்லாமல் மறைந்துபோகிறாள். செய்தி கேட்ட எலெனா கணினியைத் திறந்து, தோழியைப் பற்றி நினைவில் இருக்கும் அத்தனையையும் எழுத உட்காருகிறாள். தோழியைத் தொலைத்தவள் அழுதுகொண்டே எழுதுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கோபத்தோடு எழுதுகிறாள். அந்தக் கோபத்துக்காகவே முதல் சில பக்கங்களில் நாவலை நம்பத் தொடங்கிவிட்டேன்.

அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு அடி விழுகிறது. கணவன் மனைவியை அடிக்கிறான், அண்ணன் தங்கையை அடிக்கிறான், மாடிப்படியில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பிடித்து உருட்டுகிறார்கள். மேலே படிக்க வேண்டும் என்று அடம்பிடித்த லீலாவை அவளுடைய அப்பா சன்னல் வழியாகத் தெருவில் தூக்கி எறிகிறார். கை ஒடிந்து கிடப்பவள், தெருவில் நிற்கும் எலெனாவிடம் தனக்கு ஒன்றும் அடிபடவில்லை என்கிறாள். இந்தக் காட்சியை விமர்சகர்கள் பலர் ஆணாதிக்கத்தின் கொடூரத்துக்கு உதாரணமாக எடுத்துக்காட்டுகிறார்கள், அது சரிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது, அடுத்த அத்தியாயங்களில் லீலா அதே அப்பாவுக்காக, அதே செருப்புக் கடையில், ஊரே வியக்கும்படியான காலணிகளை வரைந்து வடிவமைக்க உட்காருவதுதான். பிள்ளைகள் அப்படித்தான் இருக்கிறார்கள். அடித்தவர்களுடைய தொழிலையே தூக்கி நிறுத்தப் பார்க்கிறார்கள்.

என் வீட்டில் அடிப்பவள் அம்மா. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்டலி அவித்து, ஏழு மணிக்குள் அலுமினியப் பாத்திரத்தைத் தூக்கி விற்கிறவரின் தலையில் ஏற்றிவிட வேண்டிய வீடு அது. நான் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தால் இரண்டு கைகள் குறைந்துபோகும். குறைந்த கைகளுக்கு அம்மாவின் கை பதில் சொல்லும். நாவலில் எலெனாவின் அம்மாவுக்குக் கால் சற்றுச் சாய்ந்திருக்கும். அந்த நொண்டல் ஒருநாள் தன் உடம்புக்குள்ளும் நுழைந்துவிடும் என்று எலெனா பயந்துகொண்டே இருப்பாள். என் அம்மா நேராகத்தான் நடந்தாள். எனக்குப் பயம் அவளுடைய குரலின் மேல்தான் இருந்தது. என் மகளுக்கு எட்டு வயதானபோது, அரிசி டப்பாவைக் கொட்டிவிட்டாள் என்பதற்காக அந்தக் குரல் என் தொண்டையிலிருந்து வந்தது. மகள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தாள். ஃபெர்ரான்டே அந்த அம்மாவை வில்லியாக்காமல் எழுதியிருப்பதை முதல் வாசிப்பில் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டாம் வாசிப்பில் அந்தப் பக்கங்களைத்தான் மெதுவாகப் படித்தேன்.

இனி என் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

எங்கள் சாலில், அதாவது ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும் சிறு வீடுகளில், பொதுத் தண்ணீர்ப் பைப்புக்கு எதிர்த்த வீடு அவளுடையது. இரண்டு குடும்பங்களுமே திருநெல்வேலிப் பக்கம். அவளுடைய அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்தார். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த பல குடும்பங்களை முதலில் அழைத்து வந்ததே தோல் வேலைதான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நாங்கள் படித்த பள்ளி ஏழாவதோடு முடிந்துவிடும். எட்டாவதுக்கு வேறு பள்ளி தேட வேண்டும். சீருடை, பஸ், கட்டணம் என்று எல்லாம் புதிதாகத் தொடங்கும். 1991 ஏப்ரலில் ஏழாவது முடிந்தது. கணக்கிலும் தமிழிலும் அவள்தான் முதல். நான் மாட்டுங்காவில் ஒரு பள்ளியில் எட்டாவது சேர்ந்தேன். அவள், பர்ஸுக்குச் சொல்யூஷன் தடவி மடித்து ஒட்டும் வேலையை வீட்டிலேயே உட்கார்ந்து செய்யத் தொடங்கினாள். எனக்கு எப்படி வாய்த்தது என்றால், ஒரு டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை போட்டார். அவள் வீட்டுக்கும் அவர் போனார். அங்கே தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள்.

நேப்பிள்ஸிலும் இதுதான் நடக்கிறது. ஐந்தாம் வகுப்போடு தொடக்கப் பள்ளி முடிகிறது. நடுநிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு, அதற்குத் தனிப்பாடம், அதற்குப் பணம். எலெனாவின் பெற்றோர் முனகிக்கொண்டே சம்மதிக்கிறார்கள். லீலாவின் பெற்றோர் மறுக்கிறார்கள். இத்தாலியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பதினான்கு வயது வரை ஒரே நடுநிலைப் பள்ளி என்ற சட்டம் 1962 கடைசியில்தான் வந்தது. 1944இல் பிறந்த லீலாவுக்கு அப்போது பதினெட்டு வயது, திருமணமும் ஆகியிருந்தது. இங்கே ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாய இலவசக் கல்வி தரும் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியைப் பார்க்கும்போதெல்லாம் நான் பத்தொன்பதைக் கழிக்கிறேன்.

நாவலில் நூலகப் பரிசளிப்பு என்று ஒரு சிறிய இடம் உண்டு. அதிகம் படித்த வாசகர்களுக்குப் பரிசு தருகிறார்கள். முதல் பரிசு லீலாவுக்கு. அடுத்தடுத்த பரிசுகள் அவளுடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அறிவிக்கப்படுகின்றன. வீட்டில் எல்லார் பெயரிலும் அட்டை வாங்கி அத்தனை புத்தகங்களையும் படித்துத் தீர்த்தது பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட அந்த ஒரு பெண்தான். பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் எலெனாவுக்கு ஐந்தாவது இடம். குர்லாவைத் தாண்டிக்கொண்டிருந்த ரயிலில் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் நின்றேன்.

ஏனென்றால் எங்கள் சாலில் கடிதம் எழுதித் தருகிறவள் அவள்தான். பத்து வயதிலிருந்தே எழுதினாள். எழுதத் தெரியாத பெரியம்மைகளும் மயினிகளும் இன்லேண்டு கவரை எடுத்துக்கொண்டு பைப்படிக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதை அவள் அப்படியே எழுதமாட்டாள். முழுதும் கேட்டுவிட்டு, “இம்புட்டுதான சொல்லணும்?” என்று கேட்பாள். பிறகு குனிந்து எழுதுவாள். எழுதியதை வாசித்துக் காட்டும்போது, சொன்னவர்களே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தாங்கள் சொன்னது அதுதான் என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரியும். அப்படிச் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

எலெனா இஸ்கியா தீவில் இருக்கும்போது லீலாவிடமிருந்து அவளுக்கு ஒரு நீண்ட கடிதம் வருகிறது. படிப்பை நிறுத்தியவளின் எழுத்தில் பேச்சுக்குரல் அப்படியே கேட்பதையும், எழுதிய பாடு எங்கும் தெரியாததையும் கண்டு எலெனா கலங்கிப்போகிறாள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் தன் எழுத்து அவளுக்குக் கூசுகிறது. பொறாமை என்று அதைச் சொல்வது எளிது. தான் கற்றுக்கொண்டது எதுவோ அதை அவள் கற்காமலே வைத்திருக்கிறாள் என்று அறிவதில் ஒரு திகில் இருக்கிறது. அதற்குப் பொறாமை என்ற சொல் போதாது.

எட்டாவது படிக்கும்போது எங்கள் பள்ளியில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, ‘எங்கள் ஊர்’. ஊருக்கு நான் அதுவரை இரண்டு முறைதான் போயிருந்தேன். சில மாதங்களுக்கு முன்பு பக்கத்து வீட்டுப் பெரியம்மை, படிப்புக்காக ஊரில் ஆச்சியிடம் விட்டு வைத்திருந்த தன் சின்ன மகனுக்கு அவளைக் கொண்டு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். நலம், பணம் அனுப்பியிருக்கிறேன், ஆச்சி சொல்வதைக் கேள் என்பதுதான் பெரியம்மை சொன்னது. அவள் எழுதியதில் இந்த வாக்கியம் இருந்தது: ‘நீ போன பிறகு கதவின் கீழ்த் தாழ்ப்பாளை யாரும் போடுவதில்லை, உன் உயரத்துக்கு இருந்ததை நாங்கள் குனிந்துதான் போட வேண்டியிருக்கிறது.’

அந்த வாக்கியத்தை நான் கட்டுரையில் வைத்தேன். ஊரிலிருந்து பம்பாய்க்கு வந்துவிட்ட பிள்ளையை நினைத்து ஆச்சி சொல்வதாக மாற்றி, அதிலிருந்தே கட்டுரையைத் தொடங்கினேன். தமிழாசிரியர் வகுப்பில் அதை இரண்டு முறை வாசித்தார். ஒரு பேனா பரிசு. அன்று சாயங்காலம் அவள் கையெல்லாம் சொல்யூஷன் காய்ந்து உரிந்துகொண்டிருக்க, பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னத்தட்டி எழுதுன?”

“ஊரப் பத்தி ஏதோ எழுதுனேன்.”

“வாசிச்சுக் காட்டு.”

“டீச்சர் வாங்கி வச்சிக்கிட்டாவ.”

கட்டுரை என் பைக்குள்தான் இருந்தது. அவள் வேறெதுவும் கேட்கவில்லை. பேனாவைக் கொண்டு தன் உள்ளங்கையில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு, மை நன்றாக இறங்குகிறது என்று சொல்லித் திருப்பித் தந்தாள்.

லீலா பத்து வயதில் ‘நீலத் தேவதை’ என்று ஒரு சிறிய கதை எழுதுகிறாள். ஆசிரியை அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாம் பாகத்தின் முடிவில், எலெனாவின் முதல் நாவல் வெளிவந்திருக்கும் நேரத்தில், இறந்துபோன அந்த ஆசிரியையிடம் இருந்த பிரதி எலெனாவின் கைக்கு வருகிறது. ஓரங்களில் ஆசிரியையின் பாராட்டுக் குறிப்புகள் இருக்கின்றன. எலெனா படிக்கிறாள், தன் நாவலின் உயிர் இந்தச் சிறு பெண்ணின் பத்துப் பக்கங்களிலிருந்து வந்தது என்று உணர்கிறாள். அதைச் சொல்வதற்காக லீலா கூலிவேலை செய்யும் இறைச்சித் தொழிற்சாலைக்கே தேடிப் போகிறாள். லீலா அந்தக் கதையை நெருப்பில் போட்டுவிடுகிறாள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. லீலா எரித்ததற்காக அல்ல. சொல்வதற்கு எலெனாவுக்கு ஒரு முகவரி இருந்ததே என்பதற்காக.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த மதக் கலவரங்களில் தாராவியில் என்ன நடந்தது என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை; அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஜனவரியில் எங்கள் சந்திலிருந்து பல குடும்பங்கள் ஊருக்கு ரயிலேறின. அவள் வீடும் போனது. ஊரடங்குக்கு இடையே கிடைத்த இரண்டு மணி நேரத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். நான் வாசலில் நின்றேன். போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றாள். ஊரெல்லாருக்கும் எழுதிக் கொடுத்தவளிடமிருந்து எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. பிறகு கேட்டு விசாரித்தபோது, குடும்பம் கேரளத்துக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். அவளைத் திருமணம் செய்து கொடுத்துவிட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது.

தலைப்பில் உள்ள ‘பிரில்லியண்ட் ஃபிரண்ட்’ யார் என்று வாசகர்கள் வாதிடுவதுண்டு. நாவல் முழுக்க எலெனாவின் கண்ணில் லீலாதான் மேதை. ஆனால் நாவலுக்குள் அந்தச் சொற்களை உண்மையில் சொல்பவள் லீலா. தன் திருமண நாளன்று, படித்துக்கொண்டே இருக்கச் சொல்லி, எலெனாவைப் பார்த்துச் சொல்கிறாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது என் தோழி கூடவே சொன்னதை நான் மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். “நீ விட்டுறாதட்டி” என்றாள். படிப்பைத்தான் சொன்னாள் என்று முப்பது ஆண்டுகளாக எடுத்துக்கொண்டிருந்தேன். பை திறந்திருந்ததா, மடித்த தாளின் ஓரம் வெளியே தெரிந்ததா என்பது இப்போது நினைவுக்கு வரவில்லை.

இந்த வலைப்பூவில் என் ஆச்சியைப் பற்றி நான் எழுதிய பழைய பதிவு ஒன்றிலும் தாழ்ப்பாள் வாக்கியம் இருக்கிறது. பலர் அதையே எடுத்துச் சொல்லிப் பாராட்டியிருந்தீர்கள். நேற்றிரவு அந்தப் பதிவைத் திருத்தினேன். அந்த வாக்கியத்தை எழுதியவள் பன்னிரண்டு வயதுப் பெண், ஏழாம் வகுப்பு வரை படித்தவள், தாராவியில் பைப்படியில் உட்கார்ந்து எழுதினாள் என்று அதன் கீழே சேர்த்திருக்கிறேன்.